எறும்பு போவதற்கு ஓர் இடம்

ஒரகடத்தைச் சுற்றியுள்ள லைன் வீடுகளில் எறும்புக்கு என்ன செய்யலாம் என்று கேட்டால் வாசலுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து டயர் கம்பெனியில் ஷிப்டு பார்ப்பவர் வசம்பைத் தட்டிப் போடச் சொல்வார். நெல்லைப் பக்கத்துப் பெண் பெருங்காயத்தைக் கரைத்துத் தெளிப்பார். ஒடிசாவிலிருந்து வந்து கான்ட்ராக்டில் வேலை செய்யும் பையன்கள் சாம்பலைத் தேடுவார்கள். கேஸ் அடுப்பே எரியும் ஊரில் சாம்பலுக்குப் பிரியாணிக் கடையின் விறகடுப்பைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. வல்லத்தையும் வடகாலையும் மாத்தூரையும் நெல்வயலாகப் பார்த்த உள்ளூர்க்காரர்கள் மஞ்சள்தூளையும் வேப்பம்புண்ணாக்கையும் தவிர வேறெதையும் மதிப்பதில்லை. தோட்டம் என்று இவர்கள் எல்லாருக்கும் இருப்பது சுவருக்கும் காம்பவுண்டுக்கும் நடுவில் ஒரு பாத்தி, நாலைந்து பெயின்ட் வாளிகளில் மண், அதில் கத்தரி, வெண்டை, கொடிகட்டிய காராமணி, ஒரு செம்பருத்தி, பெரும்பாலும் தானாக முளைத்த ஒரு பப்பாளி. இந்த இடத்துக்குத்தான் அத்தனை மருந்தும்.

இந்த வைத்தியங்களை ஒருசேர வைத்துப் பார்த்தால், எதுவும் எறும்பைக் கொல்வதற்கானது இல்லை என்பது தெரியும். வசம்பின் நெடி, பெருங்காயத்தின் காரம், சாம்பலின் நமைச்சல், வேம்பின் கசப்பு எல்லாம் எறும்பை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குத் தள்ளுகின்றன, அவ்வளவுதான். இதை அந்த வைத்தியங்களின் பலவீனமாகச் சொல்கிறவர்கள் உண்டு. அவற்றின் அறிவே அதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அவை பிறந்த வீட்டில் திண்ணை இருந்தது, கூடம் இருந்தது, புழக்கடை இருந்தது. அதற்குப் பின்னால் வைக்கோல் போர், அப்புறம் களம், மேய்க்கால் புறம்போக்கு, ஏரிக்கரை. மஞ்சள்தூளைக் கண்டு திரும்பிய எறும்பு போய்ச் சேர நூறு இடங்கள். வீட்டுக்காரர் கேட்டதெல்லாம் அரிசிப் பானையையும் தொட்டிலையும் விட்டு அது விலக வேண்டும் என்பதுதான். வாசலில் அரிசிமாவால் கோலம் போட்டு எறும்புக்கு வெளியே பந்தி வைத்ததும் அதே கைதான்.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தடத்தில் இப்போது தீர்ந்துபோயிருப்பது அந்த வெளிப்பக்கம். மஞ்சள்தூள் அதே மஞ்சள்தூள்தான். அதைக் கண்டு விலகும் எறும்பு பக்கத்துப் போர்ஷனின் சுவருக்குள் போகிறது. அங்கே இருப்பவர் மறுநாள் மஞ்சள் போட, இங்கே திரும்பி வருகிறது. ஒரே வரிசையில் எட்டு வீடு இருந்தால் எட்டு வீட்டுக்கும் இது முறைவைத்து நடக்கிறது.

எங்கள் தெருவில் லைன் வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் ஓர் அம்மா, புதிதாகக் குடிவந்த பெண் கொதிநீர்ப் பாத்திரத்தோடு பின்பக்கம் போனதைப் பார்த்துவிட்டுச் சொன்னது: “இன்னாம்மா பண்ற நீ? சுடுதண்ணி ஊத்தாத, கத்திரிச் செடி வெந்துபூடும். கொஞ்சம் மஞ்சாத்தூள் போட்டு அப்பால தள்ளு, போதும்.” அந்தப் பெண் கேட்டாள்: “அப்பால எங்கம்மா? அந்தப் பக்கம் கம்பெனிச் சுவருதானே இருக்கு?” அந்த அம்மாவிடம் பதில் இல்லை. அங்கே அவருக்கு ஞாபகத்தில் இருப்பது தோப்பு.

மஞ்சள் கோடு எப்படி வேலை செய்கிறது என்பதைக் குனிந்து பார்த்தால் அது ஏன் சாயங்காலத்துக்குள் தோற்கிறது என்பதும் புரியும். எறும்பு கண்ணால் வழி பார்ப்பதைவிட வாசனையால் பார்ப்பது அதிகம். உணவைக் கண்ட எறும்பு வயிற்று நுனியைத் தரையில் தொட்டுத் தொட்டு ஒரு தடத்தை இட்டுக்கொண்டு கூட்டுக்குத் திரும்பும். அதை மோந்து வருகிற ஒவ்வொன்றும், உணவு கிடைத்தால், தன் பங்குக்குத் தடம் இட்டுத் திரும்பும். அமெரிக்க உயிரியலாளர் எட்வர்ட் வில்சன் நெருப்பெறும்பை வைத்து இதை ஆராய்ந்தார். ஒற்றை எறும்பு கண்ணாடியில் இட்ட தடம் சுமார் இரண்டு நிமிடத்துக்குள் ஆவியாகிவிடுகிறது. அதாவது நாம் பார்க்கும் அந்தச் சாரை, கணந்தோறும் புதுப்பிக்கப்படுகிற பாதை. குறுக்கே பொடி விழுந்ததும் முதல் எறும்பு நின்று கொம்பை ஆட்டும், பின்வாங்கும், பின்னால் வருவதோடு முட்டிக்கொள்ளும். சிறிது நேரம் ஒரே குழப்பம். அப்புறம் ஏதோ ஒன்று சுற்றுவழி கண்டுபிடித்துவிடும், மற்றவை பின்தொடரும். சுவரோரத்துச் சிமெண்டுப் பிளவு போதும். உணவு அங்கேயே இருக்கும்வரை பாதைக்குப் பஞ்சமில்லை.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது உணவை. அதற்கும் முன்னால், வந்திருப்பது எந்த எறும்பு என்பதை.

பிள்ளையார் எறும்பு என்று நாம் சொல்லும் சின்னக் கறுப்பைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. கட்டெறும்பு தன் பாட்டுக்குத் தனியாக அலையும், சீண்டினால்தான் கடிக்கும். மாமரத்து இலைகளைப் பட்டு நூலால் தைத்துக் கூடு கட்டும் முசுறு, பழந்தமிழில் முயிறு, உழவரின் நண்பன். அந்தக் குடும்பத்து எறும்பின் கூடுகளைத் தென்சீனத்தில் 4ஆம் நூற்றாண்டிலேயே ஆரஞ்சுத் தோப்புக்காரர்கள் சந்தையில் விலைக்கு வாங்கி மரத்தில் கட்டினார்கள். பூச்சியைக் கொண்டு பூச்சியை அடக்கியதற்குக் கிடைக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்று அதுதான். இந்தத் தடத்தின் தோட்டங்களில் ஆளைப் பாடாய்ப் படுத்துவது இவை எதுவும் இல்லை. பாத்தி ஓரத்தில் பொலபொலவென்று மண்ணைத் தள்ளி வைத்துக்கொண்டு, கால் பட்டதும் கூட்டமாக ஏறிக் கொட்டும் செந்நிற நெருப்பெறும்பு. அதன் கூட்டத்தில் சிலவற்றுக்கு உடம்புக்குப் பொருந்தாத பெரிய தலை இருப்பதைப் பார்க்கலாம். விதைகளை உடைத்து அரைப்பதற்கான தாடையைத் தாங்கும் தலை அது. கொட்டிய இடத்தில் சுண்ணாம்பு தடவுவது நம் வழக்கம். அமிலத்தைச் சுண்ணாம்பு முறிக்கும் என்பது கணக்கு. நெருப்பெறும்பின் நஞ்சு பெரும்பாலும் அமிலம் இல்லை, ஆல்கலாய்டு. அதனால் இதற்குச் சுண்ணாம்பைவிடச் சோப்புப் போட்டுக் கழுவி ஐஸ் கட்டி வைப்பது மேல். மூச்சு முட்டினாலோ முகம் வீங்கினாலோ வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

இந்த எறும்பு நம் ஊர்க்காரன் இல்லை. வெப்பமண்டல அமெரிக்காவைச் சேர்ந்தது. உலகெங்கும் எடுத்த மாதிரிகளின் மரபணுவை ஒப்பிட்டு 2015இல் வெளியான ஓர் ஆய்வு, அது கடல் கடந்த வழியைத் தேடிப் போய் மெக்சிகோவின் அகபுல்கோ துறைமுகத்தில் நின்றது. 16ஆம் நூற்றாண்டில் அங்கிருந்து மணிலாவுக்கு வெள்ளி ஏற்றிச் சென்ற ஸ்பானியக் கப்பல்களில், பாரம் சமன்செய்யப் போட்ட மண்ணோடு சேர்ந்து எறும்பும் ஆசியாவுக்கு வந்திருக்கிறது. இதே தடத்தின் இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் முதல் சான்ட்ரோ கார் உருண்டு வந்தது. இன்று அங்கே தயாராகும் கார்கள் மெக்சிகோவரை ஏற்றுமதியாகின்றன. உலக வணிகத்தின் முதல் பாதையில் வந்த உயிர், அதன் இன்றைய பாதையின் கரையில் வீட்டுக் கொல்லையில் குடியிருக்கிறது. எனக்கு இது வியப்பூட்டுவதைவிட அதிகம், ஒரு நிதானத்தைத் தருகிறது. நானூறு ஆண்டுகளுக்கு மேலாக உலகம் சுற்றி வேரூன்றிய ஒன்றை ஒரு பொட்டலப் பெருங்காயம் ஊரைவிட்டு அனுப்பிவிடாது.

அதற்கு வேண்டியது வெயில் விழும், கிளறிப்போட்ட, மேல் மூடாக்கு இல்லாத மண். தோப்பு நிழலிலும் அடர்ந்த புதரிலும் அது அவ்வளவாகப் பெருகாது. கிளறிய மண்ணுக்கு இங்கே குறைவே இல்லை. 1990களின் கடைசியிலிருந்து இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், பிள்ளைப்பாக்கம், வல்லம்–வடகால் என்று சிப்காட் தொழிற்பூங்காக்கள் அடுத்தடுத்து விரிந்தன. ஒரகடத்தில் ரெனோ–நிஸான் ஆலை 2010இல் திறந்தது. ஆலைக்கு ஓர் ஏக்கர் சமன்செய்தால் அதைச் சுற்றி மனைப்பிரிவுக்கு இன்னும் சில ஏக்கர் சமனாகும். லாரி லாரியாகச் சவுடு மண் வந்து இறங்குகிறது, ரோலர் ஓடுகிறது, எல்லைக்கல் நடுகிறார்கள், வாங்கியவர் வீடு கட்டும்வரை மனை வெட்டவெளியாகக் காய்கிறது. நெருப்பெறும்புக்கு அதைவிடத் தோதான நிலம் கிடையாது. அதை எதிர்த்து நிற்கக்கூடிய பழைய எறும்பு இனங்களும், புல்லும் புதரும் போனபோதே போய்விட்டன.

மண் அப்படி. இனி உணவு. காராமணிக் கொடியின் இளங்குருத்தைத் திருப்பிப் பாருங்கள். கறுப்பு அசுவினி அடை அடையாக ஒட்டிக்கொண்டிருக்கும். எறும்பு ஒன்று அதன் முதுகைக் கொம்புகளால் மாறி மாறித் தட்டும். அசுவினியின் பின்புறத்தில் கண்ணாடி மணி மாதிரி ஒரு துளி எழும். எறும்பு அதை உறிஞ்சிவிட்டு அடுத்ததற்குப் போகும். செடியின் சாற்றில் அசுவினிக்கு மிஞ்சிய சர்க்கரை அந்தத் துளி, தேன்கழிவு. கைம்மாறாக, அசுவினியைத் தின்ன வரும் பொறிவண்டையும் அதற்குள் முட்டையிட வரும் சிறு குளவியையும் எறும்பு விரட்டி அடிக்கிறது. செம்பருத்தியில் மாவுப்பூச்சியோடும் எலுமிச்சையில் செதில்பூச்சியோடும் இதே உடன்பாடு. இலைமேல் கரி பூசினாற்போலக் கரும்பூசணம் படர்ந்திருந்தால் மேலே எங்கோ தேன்கழிவு சொட்டுகிறது என்று பொருள். தோட்டத்தில் எறும்புச் சாரை ஏறும் செடியைப் பெரும்பாலும் எறும்பு கெடுக்கவில்லை. கெடுப்பவன் மேலே உட்கார்ந்திருக்கிறான், எறும்பு அவனுக்குக் காவல்.

பப்பாளி மாவுப்பூச்சியின் கதை இதைப் பெரிய அளவில் காட்டியது. 2008இல் கோயம்புத்தூரில் தென்பட்ட அந்தப் பூச்சி பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று பரவி உழவர்களை அழவைத்தது. தெளித்த மருந்து எதற்கும் அது அடங்கவில்லை. 2010இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்து விட்ட ஒரு சின்னஞ்சிறு குளவிதான் அதை அடக்கியது. அந்தக் குளவி வந்து உட்கார வேண்டுமானால் மரத்தில் எறும்பு இருக்கக் கூடாது. ஆகவே நம் பப்பாளிக்குச் செய்ய வேண்டியது எறும்பின் கூட்டைத் தோண்டுவதல்ல, அது மரத்தில் ஏறாமல் தடுப்பது. இதற்கான பொருள் இந்தத் தடத்தில் எளிதாகக் கிடைக்கும். அடிமரத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு பாலித்தீன் தாளைச் சணலால் இறுக்கிக் கட்டி, அதன்மேல் கிரீஸ் தடவிவிட்டால் எறும்பு தாண்டாது. மாமரத்து மாவுப்பூச்சிக்கு வேளாண் துறையினர் பல காலமாகச் சொல்லிவரும் முறை. பட்டைமேல் நேராகக் கிரீஸைப் பூசிவிடக் கூடாது, பட்டை வெந்துவிடும். சுவரையோ பக்கத்துச் செடியையோ தொட்டுக்கொண்டு ஒரு கிளை இருந்தாலும் அதுவே எறும்புக்குப் பாலமாகிவிடும், வெட்டிவிட வேண்டும். பிறகு மாவுப்பூச்சி இருக்கும் இலையின் அடியில் தண்ணீரைப் பீச்சியடித்தோ, வேப்பெண்ணெயைக் காதி சோப்போடு கரைத்துத் தெளித்தோ கழுவிவிட்டால், சாரை தானாக நின்றுபோகும்.

எறும்பை நாமே விருந்துக்குக் கூப்பிடும் வழக்கங்களும் இருக்கின்றன. கடலைப்புண்ணாக்கைக் கரைக்காமல் அப்படியே தொட்டியில் போடுவது, வெல்லம் சேர்த்த கரைசலை மேல்மண்ணில் ஊற்றிவிட்டு மூடாமல் விடுவது, பால் பாக்கெட் கழுவிய தண்ணீர். சமையல் கழிவுக் குப்பை காய்ந்து கிடந்தால் அதிலேயே கூடு வைக்கும். வாரம் ஒருமுறை கிளறி ஈரமாக வைத்திருந்தால் தானே வெளியேறும். பெயின்ட் வாளியில் கூடு வைத்துவிட்டால், வாளியை ஓட்டைவரை அல்ல, விளிம்புவரை தண்ணீர் நிற்கும் பெரிய டப்பில் இறக்கி, வாளிக்கும் தரைக்கும் ஒரு குச்சியைப் பாலமாகச் சாய்த்துவையுங்கள். முட்டையும் குஞ்சுமாகத் தூக்கிக்கொண்டு குச்சி வழியே இறங்கிப் போவதைப் பார்க்கலாம். விதைக்கும்போது கீரை விதையைச் சாம்பலோடும் மணலோடும் கலந்து தூவி, பாத்தி ஓரத்தில் ஒரு பிடி நொய்யரிசியைப் போட்டுவிடுவார்கள் பழைய ஆட்கள். எறும்பு நொய்யைச் சுமந்து முடிப்பதற்குள் கீரை முளைத்துவிடும். எல்லா வைத்தியத்திலும் எனக்குப் பிடித்தது இதுதான்.

வேண்டவே வேண்டாம் என்று சொல்லக்கூடியவையும் இருக்கின்றன, அவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உப்பு மண்ணைக் கெடுக்கும், எறும்பை அல்ல. கொதிநீர் வேரை வேகவைக்கும். அமெரிக்காவில் நெருப்பெறும்புப் புற்று ஒன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டர் கொதிநீர் ஊற்றியும் நூற்றுக்கு அறுபதுதான் ஒழிகிறது. ரவையைத் தின்று தண்ணீர் குடித்தால் எறும்பு வெடித்துவிடும் என்பது வெறும் பேச்சு. வளர்ந்த எறும்பால் திடப்பொருளை விழுங்கவே முடியாது, அது ரவையைத் தூக்கிப்போய் இளம்புழுவுக்குத்தான் ஊட்டும். மளிகைக் கடையில் கிடைக்கும் எறும்புச் சாக்பீஸ் பெரும்பாலும் பைரித்ராய்டு வகை நஞ்சு. கோடு கிழித்த கையோடு குழந்தை வாயில் விரல் வைக்கும் ஆபத்து ஒருபுறம், மழையில் கரைந்து ஏரிக்குப் போனால் மீனுக்கு ஆகாது என்பது இன்னொருபுறம். ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு தூவிய கேமாக்ஸின் பொடி, பிஎச்சி என்ற பூச்சிக்கொல்லி, 1997இல் இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. அதற்குப் பதிலாக இந்தப் பக்கத்தில் வந்திருப்பது ஒர்க்‌ஷாப்பிலிருந்து கேனில் கொண்டுவரும் கழிவு ஆயில். புற்றில் ஊற்றினால் எறும்பு சாகும், உண்மைதான். அந்த மண்ணில் அப்புறம் நெடுங்காலம் எதுவும் ஒழுங்காக வளராது. ஏரி மாவட்டம் என்று பெயர் வாங்கிய காஞ்சிபுரத்தில், ஒவ்வொரு மழைக்கும் மேட்டிலிருந்து வழிவது ஏதாவது ஓர் ஏரிக்குத்தான் போகிறது.

கொல்வதைத் தவிர வழியே இல்லை என்ற நிலை வரும்போது, குழந்தை தவழும் வீட்டுப் படியில் நெருப்பெறும்பு கூடு வைத்துவிட்டால் வரத்தான் வரும், போரிக் பவுடர் ஒன்றுதான் வீட்டளவில் கணக்கோடு பயன்படுத்தக்கூடியது. நூறு மில்லி தண்ணீர், பத்துக் கிராம் சர்க்கரை, ஒரே ஒரு கிராம் போரிக். அதிகம் போட்டால் நல்லது என்ற எண்ணம் இதில் செல்லாது. சீக்கிரம் செத்துவிட்டால் எறும்பு அதைக் கூட்டுக்குக் கொண்டுபோய் மற்றவற்றுக்கு ஊட்ட முடியாது. பஞ்சில் நனைத்து, துளையிட்ட மூடியுள்ள டப்பாவுக்குள், குழந்தைக்கும் பூனைக்கும் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். இனிப்பைத் தேடும் எறும்புகளிடம் இது நன்றாகப் பலிக்கும். எண்ணெயும் தானியமும் விரும்பும் நெருப்பெறும்பு இதை அவ்வளவு ஆவலாகத் தொடுவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதற்குப் படியில் உள்ள கூட்டைத் திரும்பத் திரும்பக் கலைத்து, தண்ணீர் ஊற்றி, இருக்கவிடாமல் செய்வதுதான் கடைசியில் மிஞ்சுவது.

2022இல் திண்டுக்கல் மாவட்டம் நத்தம் அருகே கரந்தமலைக் காட்டை ஒட்டிய கிராமங்களில் நடந்ததை இங்கே நினைக்க வேண்டியிருக்கிறது. மஞ்சள் நிறத்தில் தாறுமாறாக ஓடும் ஒருவகை எறும்பு பெருகி, ஆடு மாடுகளின் கண்ணைக் கெடுத்ததாக மக்கள் முறையிட்டார்கள். அது கொட்டுவதில்லை, பார்மிக் அமிலத்தைப் பீச்சுகிறது. மேய்ச்சலுக்குப் போகவே அஞ்சினார்கள். இதே எறும்பு இந்தியப் பெருங்கடலின் கிறிஸ்துமஸ் தீவில் செந்நண்டுகளைக் கோடிக்கணக்கில் கொன்றது. அங்கே ஹெலிகாப்டரிலிருந்து நஞ்சு தூவிப் பார்த்த பிறகு, 2016 கடைசியில் மலேசியாவிலிருந்து ஒரு குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். எறும்பைக் கொல்ல அல்ல. எறும்புக்குத் தேன்கழிவு கொடுக்கும் செதில்பூச்சியைத் தாக்க. நம் கொல்லைக் காராமணியில் செய்ய வேண்டியதை ஒரு தீவு முழுக்கச் செய்திருக்கிறார்கள்.

திருவெறும்பூர் மலைக்கோயிலின் தலபுராணத்தில் தேவர்கள் எறும்பாகி வழிபட வருகிறார்கள். லிங்கம் வழுக்குகிறது, அவற்றால் ஏற முடியவில்லை. சிவன் மண் புற்றாகி ஒரு பக்கம் சாய்ந்துகொடுக்கிறார். 1960களிலிருந்து அதே திருவெறும்பூரில் பெல் தொழிற்சாலை இயங்குகிறது. பெரிய ஆலையும் எறும்புக்குச் சாய்ந்த சாமியும் ஒரே ஊரில் இருக்க முடிந்தது என்பதால் சொல்கிறேன். நம் தடத்திலும் இது முடியாத காரியமில்லை. மனைப்பிரிவுகளில் பத்து விழுக்காட்டைப் பொது வெளியாக விட வேண்டும் என்ற விதி இருக்கிறது. அந்த வெளியை வெட்டி மட்டமாக்கிக் கொரியன் புல் பதிக்காமல், நொச்சியும் ஆவாரையும் வேம்பும் வளரவிட்டு நிழலும் சருகுமாக வைத்திருந்தால், நெருப்பெறும்பு அங்கே தழைக்காது, மற்ற எறும்புகள் தழைக்கும்.

மாறாக இப்போது வீடுகளில் நடப்பது, எறும்புத் தொல்லை என்று சொல்லிப் பின்பக்கத்தில் மிச்சமிருக்கும் இரண்டு முழ மண்ணிலும் பேவர் பிளாக் பதிப்பது. பதிப்பவர்கள் கீழே நல்ல மணலாகப் பரப்பித்தான் கல்லை வைப்பார்கள். உலர்ந்த மணல், மேலே வெயில் ஏறிய கல், கல்லுக்குக் கல் இடுக்கு: ஒரு மாதத்துக்குள் இடுக்குகளில் பொடி மணல் குவியத் தொடங்கும். ஐப்பசி மழை பிடித்துக் கீழே தண்ணீர் நின்றதும் எறும்புகள் முட்டைகளோடு மேலே வரும். அப்போது யாராவது பின்வாசலில் மஞ்சள்தூள் போடுவார்கள். எறும்புக்குத் திரும்பிப் போக ஒரு பிடி மேட்டு மண் அங்கே இருக்காது. சமையலறை இருக்கும்.